எழுபத்திரண்டு கால்

எங்கள் கணினியை முடுக்கியதும், வேறு எதுவும் வருமுன், கறுப்புத் திரையின் மேல் மூலையில் ஓர் எண் ஓடத் தொடங்கும். பூச்சியத்திலிருந்து புறப்பட்டு, டிக் டிக் என்று சத்தமிட்டபடி ஏறிக்கொண்டே போய், 4096 என்ற இடத்தில் நின்றுவிடும். ஒவ்வொரு முறையும் அங்கேதான் நிற்கும். அது எங்கே நின்றது என்பதைத் தேதி போட்டு ஒரு கொப்பியில் எழுதிவைத்தேன். எனக்கு அப்போது ஒன்பது வயது. அந்தக் கொப்பி இன்னமும் என்னிடம் இருக்கிறது. 1995 நவம்பரிலிருந்து அடுத்த ஓகஸ்ட் வரையில் நூற்றுப் பதினொரு தடவை 4096 என்று எழுதியிருக்கிறேன். ஒரு நாளாவது அது கைதவறி 4097-க்குப் போய்விடும் என்று நம்பியிருக்க வேண்டும்.

யாழ்ப்பாணத்துக் குடும்பமான நாங்கள் அப்போது ஒக்லாந்தில், நியூ லின்னில், ரயில் பாதைக்குப் பின்னால் ஒரு வாடகை வீட்டில் இருந்தோம். அப்பா மங்கரேயில் விமானச் சரக்குக் கொட்டகை ஒன்றில் வேலை செய்தார். அங்கே அலுவலகத்தில் பழைய கணினிகளைக் கழித்துவிட்டபோது ஒன்றை அப்பா காரின் பின் இருக்கையில் வைத்து, இருக்கைப் பட்டியும் போட்டுக் கொண்டுவந்தார். அதனுள் யாரோ விட்டுப்போன விமான விளையாட்டு ஒன்று இருந்தது. பகல் முழுவதும் மற்றவர்களுடைய விமானங்களுக்குப் பெட்டி ஏற்றிவிட்டு வந்து, தேநீர் குடித்து முடித்ததும், அப்பா தன்னுடைய விமானத்தைக் கிளப்புவார். ஆங்கில அறிவித்தல்களை நான் வாசிப்பேன். அவர் விசைகளை அழுத்துவார். மேலே எழும்புவதில் அவருக்குக் குறையில்லை. இறங்குவதுதான் வராது. மூன்றில் இரண்டு தடவை கடலில்தான் முடியும். அதையும் எழுதிவைத்திருக்கிறேன்.

1996 ஜூனில் அப்பாவின் பிறந்தநாளுக்கு அம்மா நியூ லின் மோலில், விலை குறைத்துப் போட்டிருந்த கூடையிலிருந்து புதிய விமான விளையாட்டு ஒன்றை வாங்கிவந்தார். உலகத்து விமான நிலையங்கள் எல்லாம் அதில் இருப்பதாகப் பெட்டியின் முன்பக்கம் சொல்லியது. எட்டு மெகாபைட் மெமரி வேண்டும் என்று பின்பக்கம் சிறிய எழுத்தில் சொல்லியது. அம்மா முன்பக்கத்தை மட்டும் பார்த்திருந்தார். எங்களிடம் இருந்தது நான்கு; திரையில் 4096 என்று நின்றது அதுதான்.

சிங்கப்பூர் அதில் இருக்கிறதா என்றுதான் அப்பா முதலில் கேட்டார். இருந்தது. அப்பாவின் ஒரே தமையன், என் பெரியப்பா, சிங்கப்பூரில் தனியாக இருந்து ஏதோ ஒரு கப்பல் கொம்பனியில் கணக்கெழுதிக்கொண்டிருந்தார். அவர்கள் இருவரும் ஒருவரையொருவர் கண்டு பத்து வருடம். என்னை அவர் கண்டதே இல்லை. ஒன்றுவிட்ட ஞாயிற்றுக்கிழமைகளில் தொலைபேசி எடுத்து எங்களை அழைப்பார். நான் நாலு வயது முதல் ஆங்கிலத்தில் மட்டும் பதில் சொல்லிப் பழகியிருந்தேன். தமிழ் விளங்கும், அதாவது பெரும்பாலும் விளங்கும். பெரியப்பா என்ன கேட்டாலும் நான், ஆமாம் என்பதற்கு எங்கள் ஊர்ச் சொல்லான "ஓம்" என்பேன். அவரோடு நான் பேசிய தமிழ் அவ்வளவுதான்.

கணினியைப் பார்ப்பதற்கு எங்கள் தெருவிலேயே இருந்த மதுரைக்காரர் ஒருவரை அப்பா அழைத்தார். அவர் நகரத்தில் கணினி வேலை செய்தார். அப்பாவைவிடப் பத்து வயது இளையவர். அப்பாவை "அண்ணே" என்பார், அப்பா அவரைத் "தம்பி" என்பார். எனக்கு அவர் அங்கிள். ஜூலை 6, சனிக்கிழமை, சட்டைப் பையில் ஒரு திருப்புளியோடு வந்து பெட்டியைத் திறந்து பார்த்தார். அப்பாவிடம் நூறு டொலருக்கு மேல் இல்லை என்பதை முதலிலேயே கேட்டுத் தெரிந்துகொண்டதால் அவருடைய வேலை எளிதாகிவிட்டது.

"வேகத்தைத் தொடாதீங்க அண்ணே. அதைத் தொட்டா போர்டை மாத்தணும், போர்டை மாத்தினா எல்லாத்தையும் மாத்தணும். மெமரி மட்டும் போடுவோம். இன்னும் ஒரு நாலு."

ஆனால் அந்த நாலுக்குக் கடையில் கேட்ட விலையே நூறைத் தாண்டியது. அப்போது அம்மா குசினியிலிருந்து எட்டிப் பார்த்துக் கேட்டார்:

"தம்பி, பாவிச்சது வாங்கேலாதோ?"

"பாவியா? யாரு பாவி அக்கா?"

அப்பா சிரித்தார். வேறொருவர் உபயோகித்த பொருளைத்தான் நாங்கள் பாவிச்சது என்போம் என்று விளக்கினார். அங்கிளுக்கு விளங்கியது. உடனே தலையை ஆட்டினார்.

"செகண்ட் ஹேண்டா? வேணாம் அக்கா. பேப்பர்ல விளம்பரம் போடுறவனையெல்லாம் நம்பினா மோசம் போயிடுவீங்க. நானே ஒரு தடவை மோசம் போனவன்."

குசினிக்குள் ஏதோ விழுந்தது. அம்மா வாயைப் பொத்திக்கொண்டு பின் கதவால் வெளியே போவது தெரிந்தது. அப்பா இருமினார். அங்கிள் எதையும் கவனிக்கவில்லை. பாட்டனி டவுன்ஸ் வரைக்கும் கார் ஓட்டிப் போய், ஒருவனிடம் வாங்கிவந்த மெமரி வேலை செய்யாமற் போன கதையை விரிவாகச் சொன்னார். மோசம் போவது என்றால் என்ன என்று நான் ஆங்கிலத்தில் கேட்டேன். "ஏமாந்து போறது பாப்பா. காசைக் குடுத்துட்டு உதவாத பொருளை வாங்கிட்டு வர்றது" என்றார். புதிய சொல் என்பதால் அதையும் கொப்பியில் எழுதினேன்.

சிரிப்பதற்கு அதில் என்ன இருக்கிறது என்று அம்மாவிடம் கேட்க நினைத்து மறந்துபோனேன். கேட்டிருந்தால் அடுத்த ஐந்து வாரங்களும் எனக்கு வேறுவிதமாகக் கழிந்திருக்கும்.

மறுநாள் ஞாயிறு. பெரியப்பாவின் அழைப்பு வந்தது. அப்பா கதையைச் சொன்னதும், அங்கே மெமரி பாதி விலைதான், நான் வாங்கி அனுப்புகிறேன் என்று அவர் சொல்லியிருக்கிறார். அங்கிள் எழுதித் தந்த துண்டைப் பார்த்து அப்பா ஒவ்வொரு சொல்லாக ஓதினார். 72 பின் என்று அதில் இருந்தது. பின் என்றால் என்ன என்று பெரியப்பா கேட்டிருக்க வேண்டும். "அது, கால் மாதிரி, அடியிலை எழுபத்திரண்டு கால்" என்றார் அப்பா. அதற்கு அந்தப் பக்கத்திலிருந்து வந்த சத்தம் எனக்கே கேட்டது.

"எழுபத்திரண்டு காலோ? டேய், உது மெமரியோ பூரானோ?"

இருவரும் நெடுநேரம் சிரித்தார்கள். பிறகு தொலைபேசி என் கைக்கு வந்தது. "பிள்ளை, ரெண்டு மூண்டு கிழமையிலை உன்ரை பிளேன் இஞ்சை வந்து இறங்கும், நான் பார்த்துக்கொண்டு நிப்பன், என்ன?" என்றார். நான் "ஓம்" என்றேன். 21-ஆம் தேதி மறுபடி எடுத்தபோது, பூரானை வாங்கிவிட்டதாகவும் நாளைக்குத் தபாலில் போடப்போவதாகவும் சொன்னார். அன்றும் நான் "ஓம்" என்றேன்.

ஜூலை 25, வியாழக்கிழமை. பள்ளியால் வந்து சப்பாத்தைக் கழற்றும்போது அம்மா தொலைபேசிக்குப் பக்கத்தில் தரையில் இருந்தார். வழக்கமாக ஐந்தரைக்கு வரும் அப்பாவின் கார் அப்போதே வீட்டில் நின்றது. அம்மா என்னைக் கிட்ட இழுத்து மெல்லச் சொன்னார்:

"பெரியப்பா மோசம் போயிட்டார், பிள்ளை. அப்பாவைக் கரைச்சல்படுத்தாதை."

இங்கே நான் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். யாழ்ப்பாணத்துப் பேச்சில் ஒருவர் மோசம் போய்விட்டார் என்றால் இறந்துபோய்விட்டார் என்று பொருள். செத்துப்போனார் என்று முகத்தில் அடித்தாற்போலச் சொல்லாமல் அப்படிச் சொல்வார்கள். அம்மா அறிந்தது அந்தப் பொருள் ஒன்றுதான். நான் அறிந்ததும் ஒன்றுதான், ஆனால் அது மதுரைக்காரர் மூன்று வாரங்களுக்கு முன் சொல்லித் தந்தது. என் கொப்பியில் ஜூலை 6-ஆம் தேதிக்குக் கீழே, பொருளோடு இருந்தது.

ஆகவே பெரியப்பா ஏமாந்துபோனார். சிங்கப்பூர்க் கடைக்காரன் உதவாத பூரானைக் கொடுத்துவிட்டான். எனக்கு முதலில் வந்தது கோபம். ஒரு பெரிய மனிதர், கணக்கெழுதுகிறவர், பார்த்து வாங்கக் கூடாதா?

அதற்குப் பின் நடந்தவை எதுவும் சரியாகப் பொருந்திவரவில்லை. அப்பா அந்த வாரம் வேலைக்குப் போகவில்லை. சவரம் செய்யவில்லை. அம்மா சாமிப் படங்கள் இருந்த அலுமாரியைச் சாத்தி, விளக்கு ஏற்றாமல் விட்டார். வீட்டில் மீனும் இல்லை, இறைச்சியும் இல்லை. சண்ட்றிங்ஹமிலிருந்தும் மவுண்ட் ரொஸ்கிலிலிருந்தும் ஆட்கள் சட்டி சட்டியாகச் சாப்பாடு கொண்டுவந்தார்கள். வந்தவர்கள் அப்பாவுக்குப் பக்கத்தில் ஒன்றும் பேசாமல் இருந்துவிட்டுப் போனார்கள். போகும்போது "போட்டு வாறம்" என்றுகூடச் சொல்லவில்லை. ஒரு மெமரிக்காக இத்தனை பேரா என்று எனக்கு ஆச்சரியமாக இருந்தது. எங்களுடைய ஆட்கள் காசு விஷயத்தில் மிகவும் கவனமானவர்கள், ஒருவர் ஏமாந்தால் ஊரே வந்து துக்கம் கேட்கும் போலிருக்கிறது என்று முடிவு செய்தேன்.

விசா என்ற சொல்லும் டிக்கெட் என்ற சொல்லும் அந்த இரண்டு நாட்களில் பல தடவை காதில் விழுந்தன. அப்பா சிங்கப்பூருக்குப் போக முயன்றார். கடைக்காரனோடு சண்டை பிடிக்கத்தான் என்று நினைத்தேன். கடைசியில், விசா வந்தாலும் அதற்கிடையில் எல்லாம் முடிந்துவிடும் என்று அப்பா யாரிடமோ சொன்னார். கடையை மூடிவிடுவார்கள் போலும். அப்பாவுக்கு உதவ வேண்டுமென்று தோன்றியது. கிட்டப் போய், பெரியப்பா ரசீதை வைத்திருந்தாரா என்று ஆங்கிலத்தில் கேட்டேன். ரசீது இருந்தால் திருப்பிக் கொடுக்கலாம் என்று எங்கள் வகுப்பில் சொல்லித் தந்திருந்தார்கள்.

அப்பா என்னைப் பார்த்தார். பிறகு, "தெரியேல்லை பிள்ளை" என்றார்.

சனிக்கிழமை அம்மா என்னைப் பால் வாங்க மூலைக் கடைக்கு அனுப்பினார். டெய்ரி என்போம். அங்கே மதுரை அங்கிள் நின்றார். சிங்கப்பூர்ப் பொருள் வந்துவிட்டதா என்று கேட்டார். சொற்களைத் தேடிப் பொறுக்கி, அவருடைய மொழியிலேயே சொன்னேன்: "பெரியப்பா மோசம் போயிட்டார், அங்கிள்."

"அடக் கடவுளே! அங்கேயுமா?" என்றார் அங்கிள். நான் தமிழில் ஒரு முழு வசனம் சொல்லி, கேட்டவர் அதைச் சரியாகப் புரிந்துகொண்டது அதுவே முதல் தடவை. எனக்குப் பெருமையாக இருந்தது.

மறுநாள் காலை பத்து மணிக்கு அவர் வீட்டுக்கு வந்தார். பையில் அதே திருப்புளி. அன்று வேறு யாரும் வந்திருக்கவில்லை. அப்பா கதிரையிலிருந்து எழ முயன்றார்.

"உக்காருங்க அண்ணே, உக்காருங்க. பாப்பா சொல்லுச்சு. அண்ணன் மோசம் போயிட்டாராமே?"

"ஓம் தம்பி. வியாழக்கிழமை."

"நான் பயந்துட்டேதான் இருந்தேன் அண்ணே. அந்த ஊர்ல இதெல்லாம் சகஜம்."

அப்பா அவரை நிமிர்ந்து பார்த்தார்.

"எவ்வளவு அண்ணே?"

"அம்பத்தெட்டு."

"அம்பத்தெட்டுதானா?" அங்கிள் பெருமூச்சு விட்டுக்கொண்டு சாய்ந்து உட்கார்ந்தார். "நான் நூறாவது இருக்கும்னு நெனச்சேன்."

"இந்தக் காலத்திலை நூறு மட்டும் ஆர் தம்பி இருக்கினம்?"

இந்தப் பதில் அங்கிளைச் சற்றுக் குழப்பியது. எனக்கும் விளங்கவில்லை. ஆனாலும் அவர் மனம் தளரவில்லை.

"விடுங்க அண்ணே, மனசை விடாதீங்க. இது போனா என்ன, இன்னொண்ணு பாத்துக்கலாம். எனக்குத் தெரிஞ்ச பையன் ஒருத்தன் அடுத்த மாசம் ஊர்லேருந்து வர்றான், அவன்கிட்ட சொல்லி விடுவோம்."

தேநீரோடு வந்த அம்மா கதவடியில் நின்றுவிட்டார்.

"என்ன தம்பி கதைக்கிறியள்? இவருக்கு இருந்தது ஒரே ஒரு தமையன்."

அங்கிள் அம்மாவைப் பார்த்தார், அப்பாவின் தாடியைப் பார்த்தார், சாத்தியிருந்த சாமி அலுமாரியைப் பார்த்தார். அம்மா என் பக்கம் திரும்பி, வெளியே காயப்போட்ட உடுப்புகளை எடுத்துவரச் சொன்னார். நான் போனேன். அங்கே ஜூலை குளிர்காலம், அந்த ஈரத்தில் எதுவும் காய்ந்திருக்கவில்லை. யன்னலால் பார்த்தபோது அங்கிள் அப்பாவின் முன்னால் தரையில் முழந்தாளிட்டு, அவருடைய இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டிருந்தார். அழுதுகொண்டிருந்தார். தான் வேறுவிதமாக நினைத்துவிட்டதாகத் திரும்பத் திரும்பச் சொன்னாராம். அதை அம்மா எனக்குச் சொன்னது பல வருடங்களுக்குப் பிறகு. நானும் வேறுவிதமாகத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன் என்பது அவர்கள் யாருக்கும் தோன்றவில்லை. நான் எங்கள் வீட்டுப் பிள்ளை. எங்கள் வீட்டுச் சொல் எனக்குத் தெரியாமலிருக்கும் என்று யார் நினைப்பார்கள்? அன்று யன்னலுக்கு வெளியே ஈர உடுப்போடு நின்ற நான், ஐம்பத்தெட்டு டொலர் உண்மையிலேயே பெரிய தொகைதான் போலும் என்று எண்ணிக்கொண்டேன்.

ஓகஸ்ட் 4 ஞாயிற்றுக்கிழமை, தொலைபேசி வர வேண்டிய நாள். வரவில்லை. பெரியப்பா வெட்கப்படுகிறார் என்று புரிந்துகொண்டேன். அவர் எடுத்தால் பேசுவதில்லை, "ஓம்" கூடச் சொல்வதில்லை என்று முதலில் தீர்மானித்திருந்தேன். எடுக்காதபோது கோபம் கொஞ்சம் குறைந்து, பாவமாக இருந்தது.

புதன்கிழமை, ஓகஸ்ட் 7, தபாற்பெட்டியில் ஒரு சிறிய பொதி கிடந்தது. பழுப்புத் தாள், சிங்கப்பூர் முத்திரை. முத்திரையில் ஜூலை 22 என்று இருந்தது. அம்மா அதை மேசையில் வைத்துவிட்டுத் தள்ளி நின்றார். அப்பா வந்து, கை கழுவி, கத்தரிக்கோலால் ஓரத்தை மட்டும் வெட்டித் திறந்தார். உள்ளே, சுருட்டிய செய்தித்தாளுக்குள், என் கையளவு நீளத்தில் ஒரு பச்சைப் பலகை. அதன் அடி விளிம்பில் வரிசையாக மினுங்கும் கோடுகள். கூடவே ஒரு துண்டில், சாய்ந்த எழுத்தில்: "கால்களை எண்ணிப் பார்த்தேன். எழுபத்திரண்டும் சரி."

அப்பா அந்தத் துண்டைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு பின் வளவுக்குப் போனார். எனக்கு அவர் மேல் இரக்கம் வந்தது. காலை எண்ணினால் போதுமா? வேலை செய்ய வேண்டாமா? உதவாத பொருள் என்று தெரிந்தும் அதைப் பார்ப்பது கஷ்டம்தானே.

மூன்று நாள் அது அலுமாரியின் மேல் இருந்தது. முப்பத்தொரு நாள் முடியும் வரையில் விளையாட்டு வேண்டாம் என்று அப்பா சொன்னார். "அவர் அனுப்பினது. சும்மா கிடக்க விடாதேங்கோ" என்றார் அம்மா. 10-ஆம் தேதி, சனிக்கிழமை, மதுரை அங்கிள் வந்தார். இம்முறை மெல்லிய குரலில்தான் பேசினார். பெட்டியைத் திறந்து, பலகையைச் சரித்து வைத்து, நிமிர்த்தி அழுத்தினார். ஒரு சிறிய கிளிக். மூடியைப் போடாமலே முடுக்கிப் பார்க்கச் சொன்னார்.

அப்பா விசையை அழுத்தினார். அம்மாவும் வந்து பின்னால் நின்றார். நான் கொப்பியோடும் பென்சிலோடும் இருந்தேன். கறுப்புத் திரையின் மூலையில் எண் புறப்பட்டது. டிக் டிக் டிக். ஆயிரம். இரண்டாயிரம். மூவாயிரம். நான் எழுதுவதற்குப் பென்சிலைத் தாளில் வைத்துவிட்டேன், 4-ஐ எழுதியும்விட்டேன். 4096 வந்தது.

அது நிற்கவில்லை. டிக் டிக் என்று அதே வேகத்தில் ஏறியது. ஐந்தாயிரம். ஆறாயிரம். 8192-இல் நின்றது.

பெரியப்பா ஏமாறவில்லை. கடைக்காரன் நல்லவன். பொருள் நல்ல பொருள். இத்தனை நாள் இவர்கள் எல்லோரும் அவரைப் பற்றித் தவறாக நினைத்துக்கொண்டிருந்தார்கள், நானும்தான். நான் கதிரையில் ஏறி நின்று, வாழ்க்கையில் முதல் தடவையாக, வீடு முழுக்கக் கேட்கும்படி தமிழில் கத்தினேன்:

"அப்பா! பெரியப்பா மோசம் போகேல்லை! அவர் மோசம் போகேல்லை!"

அங்கிள் சட்டென்று குனிந்து, கீழே விழாத ஒரு திருகாணியைத் தேடத் தொடங்கினார். அம்மா சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டார். நான் அப்பாவைப் பார்த்தேன். அவர் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"ஓம் பிள்ளை," என்றார். கொஞ்சம் பொறுத்து, "ஓம்" என்றார் மறுபடியும்.

பிறகு அவர் செய்தது எனக்கு விளங்கவில்லை. புதிய விளையாட்டுப் பெட்டி பக்கத்திலேயே இருந்தது. சிங்கப்பூர் அதனுள் இருந்தது. அவர் அதைத் தொடவில்லை. கணினியை அணைத்தார். திரும்ப முடுக்கினார். எண் முழுவதும் ஏறி முடியும்வரை பார்த்துக்கொண்டிருந்தார். மறுபடி அணைத்தார், மறுபடி முடுக்கினார். அணைத்து அணைத்துப் போட்டால் பழுதாகிவிடும் என்று எப்போதும் சொல்கிற அங்கிள் அன்று தடுக்கவில்லை.

கொப்பியில் நான் எப்போதும் ஆங்கிலத்தில்தான் எழுதுவேன். அன்று நடந்தது தமிழில் நடந்ததால் தமிழில் எழுதியிருக்கிறேன். எழுத்துப் பிழைகளை மட்டும் திருத்தித் தருகிறேன்:

"10 ஓகஸ்ட் 1996, சனி. 8192. 8192. 8192. 8192. பெரியப்பா மோசம் போகவில்லை. அப்பாவும் ஓம் என்றார்."